பூல் கியூவுக்கு உயர்தரத் தோல் டிப்: எதை வாங்குவது, எப்படி ஒட்டுவது?

பள்ளத்தூர் வளவு எழுதியது:

மன்றத்தின் மூத்தவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடியில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் பூல் (மேசையில் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடுவது ஐந்து ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. கூடத்தில் கிடக்கும் பொதுக் கியூக்களோடு (அடிக்கும் கோல்களோடு) மல்லுக்கட்டி அலுத்துப்போய், சென்ற ஆண்டு சொந்தமாக ஒன்று வாங்கினேன். மேப்பிள் மரத்தண்டு, முனையில் 13 மில்லிமீட்டர் குறுக்களவு, அந்த முனையைச் சுற்றி வெள்ளை நிற ஃபெருல் (பூண்). அதோடு வந்த டிப் (பந்தில் படும் தோல் நுனி) ஆறு மாதத்தில் நசுங்கி, விளிம்பு குடைபோல் விரிந்துவிட்டது.

புது டிப் போட ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பழையதைப் பிடுங்கிய இடத்திலேயே புதியதை ஒட்டிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அது கழன்று விழுந்தது. பிறகு நானே இணையத்தில் தேடி, அடுக்குத் தோலால் ஆன விலை உயர்ந்த டிப் ஒன்றை வரவழைத்தேன். அந்த ஒரு டிப்பின் விலைக்குச் சாதாரண டிப் ஒரு பெட்டியே வாங்கியிருக்கலாம். கையில் இருந்த நீர்த்த விரைவுப் பசையை இரண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் அடியிலிருந்தே வெள்ளைப் பந்தில் படும்போது கூழாங்கல்லில் தட்டியது போல ஒரு 'டக்' ஓசை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, டிப்புக்கும் ஃபெருலுக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. பத்து நாள் கழித்து, பின்னோக்கி இழுக்கும் ஓர் அடியின்போது டிப் தெறித்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது. அன்று மனம் மிகவும் வருத்தப்பட்டது.

என் ஐயங்கள் மூன்று. மென்மையான டிப் போட்டால் பந்துக்குச் சுழற்சி கூடும் என்கிறார்கள்; 13 மில்லிமீட்டர் பூல் கியூவுக்கு மென்மை, நடுத்தரம், கடினம் ஆகியவற்றில் எது பொருந்தும்? உயர்தர டிப்புக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் ஆட்டத்தில் தெரியுமா? லேத் இயந்திரம் இல்லாமல், வீட்டிலேயே, கழலாதபடி ஒட்டுவது எப்படி?

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பில்லியர்ட்ஸ் கியூ ஒன்று வீட்டின் இரண்டாங்கட்டில் தகரக் குழாய்க்குள் இருக்கிறது. ஆஷ் மரம், பித்தளைப் பூண். அதன் டிப்பும் போய்விட்டது. இந்தக் கியூவில் கை பழகிய பிறகுதான் அதைத் தொடுவது என்று வைத்திருக்கிறேன்.

கோட்டையூர் 147 எழுதியது:

தம்பி, முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஒட்டும் வேலையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார்.

மென்மையான டிப் அதிகச் சுழற்சி தரும் என்பது ஆட்டக்காரர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். கடினமான டிப்பில் அது சற்றுக் குறைவு, மென்மையானதில் சற்றுக் கூடுதல். ஆனால் பந்து எவ்வளவு சுழலும் என்பதைத் தீர்மானிப்பது, நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள் என்பதே. பூல் பந்தின் குறுக்களவு 57.2 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஆரத்தின் பாதி, அதாவது ஏறத்தாழ 14 மில்லிமீட்டருக்கு மேல் விலகி அடித்தால் எந்த டிப்பும் நழுவத்தான் செய்யும். அந்த எல்லைவரை நழுவாமல் போக உதவுவது டிப்பின் மேல் படிந்திருக்கும் சாக். அதைச் சுண்ணாம்பு என்று நினைக்க வேண்டாம். 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து, அது சிலிக்கா கலந்த உராய்வுப் பொருள்தான். ஆகவே டிப்பிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை இரண்டு: சாக்கைப் பிடித்து வைத்திருப்பது, கொடுத்த வளைவை விடாமல் இருப்பது.

அந்தக் கணக்கில் உங்களுக்கு நடுத்தரமே பொருத்தம். மென்மையான டிப் சாக்கை நன்றாகப் பிடிக்கும், அடியின் ஓசையும் அடங்கி இருக்கும். ஆனால் விரைவில் நசுங்கும், அடிக்கடி செதுக்க வேண்டும். மிகக் கடினமானது வளைவை மாதக்கணக்கில் காக்கும். ஆனால் மேற்பரப்பு பளபளத்துச் சாக் பிடிக்காமல் போகும், அதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கும் வேலை ஓயாது. எல்க் மாஸ்டர் ஒற்றைத் தோல் டிப்புகளில் மென்மையானது. ட்ரையாங்கிள் அதைவிட இறுக்கமானது. அடுக்குத் தோலில் கமுயி, மூரி, டாலிஸ்மன் ஆகியவை பெயர் பெற்றவை. கமுயியில் மிக மென்மை, மென்மை, நடுத்தரம், கடினம் என்று நான்கு தரங்கள் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் 14 மில்லிமீட்டர் குறுக்களவில் வாங்குங்கள். ஒட்டிய பிறகு சுற்றிலும் செதுக்க அரை மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

தேவகோட்டை பிட்டர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கிளப்பில் நண்பர்களின் கியூக்களுக்கு டிப் போட்டுக் கொடுப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த வழக்கம். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது விலையோ பிராண்டோ இல்லை. அந்த மயிரிழை இடைவெளிதான். இரண்டு பரப்புகள் முழுவதும் தொட்டுக்கொள்ளவில்லை என்றால், நடுவே எந்தப் பசையை ஊற்றினாலும் அது நிற்காது. ஓசைக்கும் கழன்றதற்கும் காரணம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பழைய டிப்பை எடுக்கும் முறை. பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பூணின் முனையும் பெயரக்கூடும். (நீங்கள் ஃபெருல் என்பதை நான் பூண் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், உலக்கைக்குப் போடும் பூணின் வேலையும் இதுவும் ஒன்றுதான், மரம் பிளக்காமல் காப்பது.) கூர்மையான கட்டர் பிளேடால், பூணுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் விட்டுத் தோலைச் சுற்றி அறுத்தெடுங்கள். எஞ்சிய தோலையும் பழைய பசையையும் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். வெள்ளைப் பூண் பிளாஸ்டிக் வகையாக இருக்கும் என்பதால் சூடு காட்டவே வேண்டாம். உங்களுடையதில் முன்னர் இருமுறை பசை போட்டிருக்கிறது. கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம் பூணின் மேல் படிந்திருக்கும். அது முழுவதும் போய், பூணின் சொந்த நிறம் சீராகத் தெரியும்வரை விடாதீர்கள்.

அடுத்தது சமப்படுத்துவது. இதில் அவசரம் கூடாது. உப்புத்தாளை விரலால் பிடித்துக்கொண்டு பூணின் முனையில் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கி, நடு மேடாகிவிடும். அந்த மேட்டின் மேல் உட்காரும் டிப் ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். உப்புத்தாள் அசையாமல் சமமான ஒன்றின் மேல் இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆத்தங்குடித் தரைக் கல் ஒன்று மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் அதன் முகம் அந்தக் கண்ணாடியின் சமத்தை அப்படியே வாங்கியிருக்கும். புதிய கல்லாக இருக்கட்டும். மிதித்துத் தேய்ந்த தரைக் கல் உதவாது. அதன் மேல் 120 எண் உப்புத்தாளை நான்கு மூலையிலும் ஒட்டி, கல்லைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். கியூவை மேசையின் மேல் கிடத்தி, முனை அந்தத் தாளில் நேராகப் படும்படி அணைத்துப் பிடித்து, கியூவை மெதுவாக உருட்டுங்கள். ஆறேழு சுற்று போதும். நாம் எடுக்க வேண்டியது உயரத்தை இல்லை, கோணலை மட்டுமே.

சமமாகிவிட்டதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் செய்யும் சோதனையைச் செய்யுங்கள். வீட்டில் வளவு (வானம் தெரியும் முற்றம்) இருந்தால் காலை பத்து மணி வாக்கில் அங்கே போய் நில்லுங்கள். கியூவின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து, அதன் மேல் ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி, வானத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். அளவுகோலுக்கும் பூணுக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. அளவுகோலைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் பாருங்கள். நடுவில் மட்டும் மிக மெல்லிய கீற்று தெரிந்தால் கவலை வேண்டாம், விளிம்பு முழுவதும் தொடுகிறது என்று பொருள். விளிம்பில் தெரிந்தால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டும். நான் மாணவர்களுக்கு இரும்பை அராவக் கற்றுக்கொடுத்தபோதும் கண்ணைத்தான் முதலில் பழக்கினேன், கை பிறகு தானே வந்தது.

டிப்பின் அடிப்பக்கத்தையும் அதே கல்லில், அதே உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். விரல் நுனிகளால் டிப்பைப் பிடித்து 8 என்ற எண்ணை எழுதுவது போல நகர்த்தினால் ஒரு பக்கம் சாயாது. தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டு பரப்பிலும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூணை மட்டும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கலாம்.

பசை விஷயத்தில் உங்கள் தவறு ஒன்று இருக்கிறது. நீர்த்த பசையைத் தோல் உறிஞ்சிக்கொண்டது. உள்ளே போன பசை கல்லாக இறுகியது. பரப்பில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே விரைவுப் பசை கூழ் வடிவிலும் கிடைக்கிறது. தோலுக்குள் இறங்காது என்பதால் அதையே வாங்குங்கள். மென்மையான டிப்பாக இருந்தால் அடிப்பக்கத்தில் முதலில் கூழ்ப் பசையை மிக மெல்லிதாகத் தடவி, காயவிட்டு, மறுபடியும் கல்லில் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுப் பிறகு ஒட்டலாம். அந்தப் படலம் அடைப்பாக நின்று, ஒட்டும் பசையைக் கீழே இறங்கவிடாது. நடுத்தர டிப்புக்கு இது கட்டாயமில்லை. அளவு, ஒரு மிளகு போதும். பசை கூடினால் பிடிப்பு கூடும் என்பது தவறான கணக்கு. படலம் தடித்தால் நொறுங்கும்.

டிப்பை வைத்தவுடன் லேசாக ஒரு சுற்றுச் சுற்றிப் பசையைப் பரப்பி, எல்லாப் பக்கமும் சமமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நடுவில் நிறுத்துங்கள். கியூவைத் தலைகீழாக நிமிர்த்தி, டிப்பின் மேற்பக்கம் ஒரு மரப்பலகையில் படும்படி வைத்து, இரு கையாலும் நேராக அழுத்தி, நூறு எண்ணுங்கள். பசை விரைவுப் பசையாக இருந்தாலும் நான் ஓர் இரவு விட்டுவிடுவேன்.

மறுநாள் செதுக்குவது. பூணைச் சுற்றி ஒட்டு நாடா ஒரு சுற்று போட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பிளேடைப் பூணின் பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து, மேலிருந்து பலகையை நோக்கிக் கீழே சீவுங்கள். டிப் பலகையில் அழுந்தி நிற்பதால் அடுக்குகள் பிரியாது. பக்கவாட்டில் சீவினால் அடுக்கு உரிந்து வரும். விலை உயர்ந்த டிப் பலவும் அப்படித்தான் வீணாகின்றன. ஒவ்வொரு முறையும் சிறு சீவலாக எடுங்கள், பிளேடு முனை மழுங்கியதும் உடைத்துப் புதுமுனை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சிறு பிசிறை உப்புத்தாளால் எடுக்கும்போது தண்டின் மரத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். பலர் ஒவ்வொரு டிப் மாற்றும்போதும் மரத்தையும் சேர்த்துத் தேய்த்து, 13 மில்லிமீட்டர் கியூவைச் சில ஆண்டில் 12 ஆக்கிவிடுகிறார்கள். தேய்த்த மரம் திரும்பி வராது.

மேல் வளைவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆட்டக்காரர்கள் நிக்கல் (ஐந்து சென்ட்) நாணயத்தின் வளைவு என்பார்கள். அதன் குறுக்களவு 21.2 மில்லிமீட்டர். 2011இல் வந்த வரிசையைச் சேர்ந்த நமது ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 22. உங்கள் டிப்பில் அந்த வளைவு வரும்போது விளிம்பைவிட நடு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கும். நாணயத்தைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தே தேயுங்கள். முதலில் 80, பிறகு 180, கடைசியில் 320 எண் உப்புத்தாள்.

எல்லாம் முடிந்தபின் டிப்பின் பக்கச் சுவரை மட்டும் ஈர விரலால் லேசாக நனைத்து, ஒரு தோல் துண்டால் இறுகச் சுற்றிப் பிடித்துக் கியூவை வேகமாக உருட்டுங்கள். சூட்டில் அந்தச் சுவர் மெருகேறி இறுகும். நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்களே, அந்த வேலைதான். சுவர் இறுகினால்தான் தோல் பக்கவாட்டில் விரியாது.

கானாடுகாத்தான் தோல் எழுதியது:

பிட்டர் ஐயா சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. நான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் கானாடுகாத்தான். உயர்தர டிப்புக்குக் கொடுக்கும் பணம் தெரியுமா என்ற இரண்டாவது ஐயத்துக்குத் தோலின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

தோல் என்பது நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பொருள். ஒரே மாட்டின் தோலில் முதுகுப் பகுதி நெருங்கிப் பின்னியிருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்திருக்கும். ஒற்றைத் தோல் டிப்பை அந்தத் தடித்த தோலிலிருந்து வில்லைகளாக வெட்டி எடுக்கிறார்கள். எந்த இடத்தில் வெட்டியது என்பதைப் பொறுத்து ஒரு வில்லை இறுக்கமாகவும் பக்கத்து வில்லை பஞ்சாகவும் இருக்கும். ஐம்பது டிப் உள்ள பெட்டியில் ஐம்பதும் ஒன்றுபோல் இருக்காததற்குக் காரணம் இதுவே. அடுக்கு டிப்பில், பெரும்பாலும் பன்றித் தோலை, மெல்லிய தகடுகளாகச் சீவி, எட்டு முதல் பத்துத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்துகிறார்கள். ஒரு தகட்டின் குறையை இன்னொன்று ஈடு செய்வதால் டிப்புக்கு டிப் வேறுபாடு குறைகிறது. பக்கவாட்டில் விரிவதும் குறைகிறது. உங்கள் பணம் போவது இந்தச் சீர்மைக்காக. சென்ற டிப் தேய்ந்தபின் அதே பெயரில் அதே தரத்தில் இன்னொன்றைப் போட்டால், கை புதிதாகப் பழக வேண்டியதில்லை. நாள்தோறும் ஆடுபவருக்கு இது பெரிய உதவி. வாரம் ஒருமுறை ஆடுபவர் ஒரு பெட்டி ஒற்றைத் தோலை வாங்கித் தேர்ந்தெடுத்துக்கொண்டாலே போதும் என்பது என் எண்ணம்.

தேர்ந்தெடுக்கும் முறை எளிது. பெட்டியைக் கொட்டி, ஒவ்வொன்றாக ஒரு சாண் உயரத்திலிருந்து கல் தரையில் விடுங்கள். இறுகிய தோல் 'டிக்' என்று துள்ளும். தளர்ந்தது 'தொப்' என்று படுக்கும். பிறகு கட்டை விரல் நகத்தைப் பக்கச் சுவரில் அழுத்திப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு பதிய வேண்டும். ஓரிடத்தில் ஆழமாகப் பதிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஐம்பதில் பதினைந்து நல்லது கிடைத்தாலும் மனநிறைவு அடையலாம். எஞ்சியவை வீண் இல்லை. ஒட்டிச் செதுக்கிப் பழகுவதற்கு அவைதாம் ஏற்றவை.

தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதும் கையில் தெரியும். குரோமிய உப்பில் பதனிட்டது நெகிழ்வாக இருக்கும். பட்டைச் சாற்றில் பதனிட்டது உறுதியாக, அழுத்திய வடிவத்தை விடாமல் நிற்கும். நம் பக்கத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையில்தான் தமிழ்நாட்டுத் தோல் தலைமுறைகளாகப் பதனிடப்பட்டுக் கப்பலேறியது. டிப் வாங்கும்போது எந்தப் பதனிடல் என்று எழுதியிருந்தால் படித்துப் பாருங்கள், கடினத்தின் எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தைப் பற்றியும் ஒன்று. தோல் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கியூவை விட்டால் டிப் வறண்டு இறுகும், பசையும் இளகும். ஐப்பசி மழையில் அதே டிப் ஒரு தரம் மென்மையாக நடந்துகொள்ளும். கியூவை வீட்டின் நடுப்பகுதியில், சுவரில் சாய்க்காமல், படுக்கையாகவோ தொங்கவிட்டோ வைத்தால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும்.

பிரெஞ்சுப் படை அதிகாரி ஃபிரான்சுவா மிங்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூ முனையில் தோல் வைத்துக் காட்டும்வரை, ஆட்டக்காரர்கள் வெறும் மரமுனையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்தில் தோல்தான் இருக்கிறது என்பதில் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பள்ளத்தூர் வளவு எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரமாகப் பிட்டர் ஐயா சொன்னபடியே செய்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் எல்க் மாஸ்டர் ஒரு பெட்டி வாங்கித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஓசையின் வேறுபாடு எனக்கே தெளிவாகக் கேட்டது. பதினெட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஒதுக்கியவற்றில் நான்கை ஒட்டிப் பழகினேன். முதல் இரண்டும் சாய்ந்துவிட்டன. மூன்றாவதன்போதுதான் நான் செய்த பிழை புரிந்தது: பூணை மட்டும் கல்லில் தேய்த்துவிட்டு, டிப்பின் அடிப்பக்கத்தைக் கையில் வைத்துத் தேய்த்திருந்தேன். நான்காவது சரியாக உட்கார்ந்தது.

எங்கள் வீடு கட்டியபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் ஒன்று மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது. அப்பத்தாதான் நினைவுபடுத்தினார். வளவு வெளிச்சத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது பூணின் ஒரு பக்கம் நகக்கண் அளவு பள்ளம் தெரிந்தது. முதலில் பிடுங்கியவர் பெயர்த்த இடம் அது. அந்தப் பள்ளம் போகும்வரை தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய பசைப் படலம் பிட்டர் ஐயா சொன்னது போலவே கண்ணாடித் துகளாக உதிர்ந்தது.

பிறகு நடுத்தர அடுக்கு டிப்பை ஒட்டி, ஓர் இரவு விட்டு, மேலிருந்து கீழாகச் சீவினேன். ஓர் அடுக்கும் பிரியவில்லை. முதல் அடியில் அந்தக் கூழாங்கல் ஓசை இல்லை. கனத்த கதவு மெல்லச் சாத்துவது போன்ற அடங்கிய ஒலி. பன்னிரண்டு நாளாகிவிட்டது. நேற்று மறுபடியும் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தேன், மூட்டு எங்கே இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இப்போது பினாங்கிலிருந்து வந்த எங்கள் ஐயாவின் கியூவை வெளியே எடுத்திருக்கிறேன். முனை 10 மில்லிமீட்டர். பித்தளைப் பூண் மெல்லிய வளையமாக இருக்கிறது. நடுவில் மரம் தெரிகிறது. மரம் பித்தளையைவிடச் சற்று உள்வாங்கியிருப்பது போல விரலுக்குத் தட்டுகிறது. இதிலும் அடுக்கு டிப் போடலாமா, பித்தளையை அதே கல்லில் தேய்க்கலாமா?

தேவகோட்டை பிட்டர் எழுதியது:

கல்லில் தேய்க்கலாம், ஆனால் அதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூண் ஆடுகிறதா என்று இரு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஆடினால் தேய்க்க வேண்டாம். பூணைக் கழற்றி மீண்டும் உட்கார்த்துவது வேறு வேலை, கியூவை என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்தே செய்யலாம். ஆடவில்லை என்றால் 240 எண் உப்புத்தாளில் மெதுவாக உருட்டுங்கள். பித்தளை விரைவில் சூடேறும். சூடேறினால் உள்ளே இருக்கும் பழைய பசை தளரும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் தொட்டுப் பாருங்கள்.

மரம் உள்வாங்கியிருந்தால் பித்தளை தேய்ந்து மரத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். பித்தளையும் மரமும் ஒரே மட்டமானதும் அளவுகோல் சோதனையில் வளையம் முழுவதும் தொடும், நடுவிலும் ஒளி தெரியாது. ஆனால் பள்ளம் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தேய்க்காதீர்கள். அவ்வளவு பித்தளையை இழக்கக் கூடாது. அந்தக் குழியைப் பிசின் கலந்த மெல்லிய மரத்தூளால் நிரப்பி, காயவிட்டுச் சமப்படுத்த வேண்டும்.

டிப்புக்கு உங்கள் பெட்டியிலுள்ள எல்க் மாஸ்டர் பொருந்தாது, அது 13 மில்லிமீட்டர் கியூவுக்காக வாங்கியது. 10.5 அல்லது 11 மில்லிமீட்டரில் ஒற்றைத் தோலே வாங்குங்கள். ஐயா ஆடிய காலத்தில் அந்த முனையில் இருந்தது அத்தகைய தோல்தான். ஆஷ் மரத்தின் அதிர்வுக்கு அது நன்றாக இசைகிறது என்பது என் அனுபவம். வளைவுக்கு ஒரு ரூபாயைவிடச் சிறிய ஐம்பது காசு நாணயம் வீட்டில் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

தகரக் குழாயின் உட்புறத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கியூவைத் திரும்ப அதற்குள் போடும் முன் பருத்தித் துணியில் சுற்றுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிளப்பில் இருப்பேன்.